"ரோட் ப்ளொக்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்

நுவரெலியாவில் ஒரு ஹோட்டலின் முன்மேசையில் நான் புதிதாகச் சேர்ந்திருந்த நேரம். இரவெல்லாம் மழை. விடிந்ததும் ரம்பொடைப் பக்கம் பெரிய மரம் ஒன்று வீதிக்குக் குறுக்கே விழுந்துவிட்டதாகச் செய்தி வந்தது. கண்டிக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த வெளிநாட்டுத் தம்பதியிடம் ஓடிப்போய், "சேர், ரோட்ப்ளொக் இன் ரம்பொட" என்றேன். அவர் பதறவே இல்லை. மனைவியிடம் ஏதோ சொன்னார், அந்த அம்மா பெட்டியைத் திறந்து இரண்டு பாஸ்போர்ட்டையும் எடுத்துக் கைப்பையில் வைத்தார். அப்புறம் அவர் என்னிடம் கேட்டார்: "பொலிஸ்காரர்கள் சோதனை செய்ய எவ்வளவு நேரம் எடுப்பார்கள்?"

நான் முழித்தேன். பொலிஸ் எங்கே வந்தது?

ஆங்கிலத்தில் "ரோட்ப்ளொக்" என்று ஒரே சொல்லாகச் சொன்னால், கேட்பவர் மனதில் முதலில் வருவது பொலிஸோ இராணுவமோ குறுக்குக் கட்டை போட்டு வாகனங்களை நிறுத்திப் பார்க்கும் இடம். எங்கள் தலைமுறைக்கு அந்த ரோட்ப்ளொக் நன்றாகவே தெரியும், நாம் அதற்கு வைத்திருந்த பெயர் செக் பொயின்ட். கொழும்புக்கு வேலைக்குப் போன மலையகத்துப் பிள்ளைகளில் அதில் அடையாள அட்டையை நீட்டாதவர் குறைவு. மரம் விழுந்ததற்கு அந்தச் சொல் பொருந்தாது.

ஹோட்டல் வேலைக்குப் புதிதாகப் போகிறவர்கள், எல்ல, ஹட்டன், நானுஓயாப் பக்கம் சுற்றுலாப் பயணிகளுக்கு வேனோ ஓட்டோவோ ஓட்டத் தொடங்கியிருப்பவர்கள், இவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். மாலை நேரத்தில் சில பிள்ளைகளுக்குப் பேச்சு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். அவர்கள் அதிகம் தடுக்கி விழும் சொல், சொல்லப்போனால், தடுக்கி விழ வைப்பதற்கென்றே பிறந்த இந்த "ப்ளொக்"தான்.

முதல் படி: நம் "ப்ளொக்" வேறு, அவர்கள் சொல் வேறு

நம் வாயில் "ப்ளொக்" ஒரு முழுத் தமிழ்ச் சொல்லாகிவிட்டது. கான் ப்ளொக். மூக்கு ப்ளொக். கோச்சி லயின் ப்ளொக். போனில் ப்ளொக் பண்ணிவிட்டான். ஹார்ட்டில் ப்ளொக். பத்து பேர்ச் காணி ப்ளொக். பின்னால் "ஆச்சு", "பண்ணு", "இருக்கு" என்று ஒன்றை ஒட்டினால் போதும், சொல் அசையாமல் அப்படியே நிற்கும்.

ஆங்கிலத்தில் அது நிற்காது, உருவம் மாற வேண்டும். "த ரோட் இஸ் ப்லொக்" என்பதுதான் நான் அதிகம் கேட்கும் பிழை. "வீதி ப்ளொக்" என்ற தமிழ் வாக்கியத்துக்கு ஆங்கிலச் சட்டை போட்டது அது. சரியானது "த ரோட் இஸ் ப்லொக்ட்". கடைசியில் ஒரு சின்ன "ட்", அவ்வளவுதான். அந்த "ட்" இல்லாவிட்டால் வெள்ளைக்காரர் புரிந்துகொள்ளத்தான் செய்வார். ஆனால் நேர்முகத் தேர்வில் எதிரே உட்கார்ந்திருப்பவர் பெரும்பாலும் நம் நாட்டுக்காரர், அவர் அந்த "ட்" வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு இருப்பார்.

அடைத்தது எது என்று சொல்ல வேண்டுமானால் அதை முன்னுக்குக் கொண்டுவாருங்கள்: "எ ட்ரீ இஸ் ப்லொக்கிங் த ரோட்". இல்லாவிட்டால் "பை" போட்டுப் பின்னால் வையுங்கள்: "த ரோட் இஸ் ப்லொக்ட் பை எ ஃபோலன் ட்ரீ". இரண்டும் சரி. ஆனால் இரண்டாவது வகையில் ஒரு வசதி இருக்கிறது, "பை" என்பதையே விட்டுவிடலாம், யார் செய்தார் என்று சொல்லவே தேவையில்லை. நாட்சம்பளம் 1000 ரூபாய் கேட்டு நம் தோட்டத் தொழிலாளர்கள் வீதியை மறித்த நாட்களில் "ப்ரொடெஸ்ட்டர்ஸ் ப்லொக்ட் த ரோட்" என்று எழுதுவதும், "த ரோட் வோஸ் ப்லொக்ட்" என்று எழுதிவிட்டுப் போவதும் ஒன்றல்ல. ஆங்கிலப் பத்திரிகை படிக்கும்போது இதைக் கவனித்துப் பாருங்கள், சுவாரசியமாக இருக்கும்.

"ப்லொக்கேஜ்" என்று ஒன்று இருக்கிறது. எழுத்தைப் பார்த்தால் "கேஜ்" போலத் தெரிந்தாலும் வாயில் "ப்லொக்கிஜ்" என்றுதான் வரும். இது குழாய்க்கும் இரத்தக் குழாய்க்கும் உரிய சொல், உள்ளே எங்கேயோ கண்ணுக்குத் தெரியாத இடத்தில் அடைத்துக்கொண்டிருப்பது. "தெயர்ஸ் எ ப்லொக்கிஜ் இன் த பைப்" என்றால் அழகு. வீதியில் கிடக்கும் மரத்துக்கு இதைப் போட்டால் கொஞ்சம் இடிக்கும்.

இரண்டாம் படி: வாய்

தமிழ் எழுத்து இங்கே நமக்கு உதவாது. தமிழ்நாட்டுக்காரர்கள் "பிளாக்" என்று எழுதினால் அது கறுப்பு நிறமா, அடைப்பா, இணையத்தில் எழுதும் வலைப்பதிவா என்று முன்பின் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். நாம் இலங்கையில் "ப்ளக்", "ப்ளொக்" என்று பிரித்து எழுதிவிடுவதால் கறுப்பு தப்பித்துவிட்டது. ஆனால் அடைப்பும் வலைப்பதிவும் நமக்கும் ஒரே எழுத்துத்தான்.

அடைப்பில் முடிவு வெடுக்கென்று நின்றுவிடும், "நாக்கு" என்று சொல்லும்போது வரும் வல்லினக் "க்". வலைப்பதிவில் "பங்கு" என்னும்போது வருகிற மெலிந்த ஒலி, அதற்கு முன்னால் "ஒ" கொஞ்சம் நீளும். இந்த இரண்டையும் கண்ணாடி முன் நின்று பத்துத் தடவை சொல்லிப் பாருங்கள். ஏனென்றால் இதே சிக்கல் அடுத்த சொல்லிலும் வரப்போகிறது. "க்லொக்" என்று வெடுக்கென நிறுத்தினால் சுவர் மணிக்கூடு. மெலிவாக முடித்தால் அடைத்துக்கொள்வது. "த சிங்க் இஸ் க்லொக்ட்" என்று ஒரு பையன் சொல்ல, விருந்தினர் சுவரில் மணி பார்த்தார். சிங்க்கில் தண்ணீர் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது.

நடுவில் வருவது நம் "ல", நாக்கை மடித்துச் சொல்லும் "ள" அல்ல. முன்னால் "பு" சேர்த்துப் "புளொக்" என்று சொல்வதை விட்டால் பாதி வேலை முடிந்தது.

மூன்றாம் படி: என்ன மாதிரி அடைப்பு?

ஆங்கிலத்தில் அடைப்புக்கு ஒரு குடும்பமே இருக்கிறது. எல்லாரையும் ஒரே நாளில் அறிமுகம் செய்துகொள்ள வேண்டியதில்லை. நம் மலைநாட்டு வாழ்க்கையில் தினமும் தேவைப்படுகிறவர்கள் நான்கைந்து பேர்தான்.

கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து அடைப்பது "க்லொக்", மணிக்கூடு அல்ல, மெலிவாக முடியும் அந்தச் சொல். லயத்துப் பீலியில் இலையும் பாசியும் சேர்ந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாக வருமே, அது. குளியலறைக் குழியில் முடி சேர்வது, குசினிச் சிங்க்கில் எண்ணெய் படிவது, தோட்டத்துக் கானில் கவாத்துக் குச்சி தங்குவது, எல்லாம் இது. அமெரிக்கர்கள் கழிப்பறைக்கும் "க்லொக்ட்" என்பார்கள், பிரித்தானியர்கள் "ப்லொக்ட்" என்பார்கள். இரண்டில் எதைச் சொன்னாலும் ஆளை அனுப்ப வேண்டியதுதான்.

ஒரு சுவையான விஷயம். "க்லொக்" என்ற சொல்லின் பழைய பொருள் மரக்கட்டை. மிருகம் ஓடிவிடாமல் இருக்கக் கட்டிவிடும் கட்டைக்கும் அதே பெயர். நம்மிலும் வேலி தாண்டும் மாட்டின் கழுத்தில் கட்டை கட்டித் தொங்கவிடுவது உண்டே. "ப்லொக்" என்பதும் பழைய டச்சு, பிரெஞ்சு வழியாக வந்த மரத்தண்டுதான். தமிழில் நாம் "முட்டுக்கட்டை போடுகிறான்" என்கிறோம், அங்கேயும் கட்டை. மேட்டில் லொறி நின்றால் கிளீனர் குதித்து ஓடிப்போய்ச் சில்லுக்குப் பின்னால் வைப்பதும் கட்டை. பெரிய தடையை அவர்கள் "ஸ்டம்ப்ளிங் ப்லொக்" என்பார்கள், தடுக்கி விழ வைக்கும் கட்டை. நம் முட்டுக்கட்டைக்கு இதைவிட நெருங்கிய ஆங்கிலச் சொல் எனக்குத் தெரியவில்லை.

பல பொருள் ஒன்றோடொன்று நெருக்கி, இறுகி, அசையாமல் போனால் "ஜேம்". ஏப்ரல் சீசனில் நுவரெலியாவில் கிரகரி வாவியைச் சுற்றி நிற்கும் வாகனங்கள், சிவனொளிபாதமலைப் பருவத்தில் மஸ்கெலியாவிலிருந்து நல்லதண்ணி வரை ஊரும் பஸ்கள், இவை "ட்ராஃபிக் ஜேம்". ஒரே ஒரு மரம் விழுந்து வீதி அடைபட்டால் அது ஜேம் இல்லை, அந்த மரத்துக்குப் பின்னால் வரிசைகட்டி நிற்கும் வாகனங்கள்தான் ஜேம். கதவுக்கும் இதே சொல்தான். நம்மூர் ஈரத்தில் மரக்கதவு ஊறி நிலையோடு இறுகிக்கொள்ளும், விருந்தினர் உள்ளே இருந்து தட்டுவார், "த டோர் இஸ் ஜேம்ட்". முன்மேசை பிரின்டரும் அப்படித்தான். மூடுபனி நாளில் காகிதம் நமத்துப்போய் உள்ளே மாட்டிக்கொள்ளும், "பேப்பர் ஜேம்".

மாட்டிக்கொண்டது ஆள் என்றால் "ஸ்டக்". "ஐ ஆம் ப்லொக்ட் இன் ட்ராஃபிக்" என்று சொல்லாதீர்கள், "ஐ ஆம் ஸ்டக் இன் ட்ராஃபிக்". வீதி அடைபடும், நாம் அதில் சிக்கிக்கொள்வோம். தமிழிலும் அப்படித்தானே?

முழுதாக நிற்கவில்லை, ஆனால் ஒரு குறுகலான இடத்தில் எல்லாம் மெதுவாகிறது என்றால் "பொட்டில்நெக்", போத்தல் கழுத்து. இதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கத் தேயிலைத் தொழிற்சாலையைவிட நல்ல உதாரணம் இல்லை. மழை பெய்து நல்ல துளிர் வந்திருக்கிறது, மலையிலிருந்து கொழுந்து லொறி லொறியாக வருகிறது. அரைக்கும் மெஷின் சும்மா நிற்கிறது. ஏன்? கொழுந்து வாட வேண்டும். அதற்குப் பன்னிரண்டு மணி நேரமோ அதற்கு மேலோ வேண்டும், ஈரமான நாளில் இன்னும் இழுக்கும். வாட்டும் இடமோ இவ்வளவுதான். எதுவும் அடைபடவில்லை, எதுவும் உடையவில்லை, ஆனாலும் எல்லாம் அந்த இடத்தில் காத்து நிற்கிறது. அந்த வாட்டும் மாடிதான் போத்தல் கழுத்து. ஒபிஸ் வேலைக்குப் போகிறவர்களுக்கு இந்தச் சொல் மிகவும் பயன்படும். ஒரே ஒருவரின் கையெழுத்துக்காகப் பத்து ஃபைல் மேசையில் கிடப்பதை மரியாதையாகச் சொல்ல இதைவிட வழி கிடையாது.

கடைசியில் கோட் போட்ட ஒருவர், "ஒப்ஸ்ட்ரக்ஷன்". இலத்தீனில் "எதிரே கட்டுவது" என்று பொருள். நடுவில் வரும் "ஸ்ட்ரக்" என்ற இடத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். பொலிஸ், நீதிமன்றம், வைத்தியசாலை, கிரிக்கெட், இந்த நான்கு இடத்தில்தான் இவர் அதிகம் நடமாடுவார். கிரிக்கெட் விதி 37 இவர் பெயரில்தான் இருக்கிறது. 2021 மார்ச்சில் அன்டிகுவாவில் மேற்கிந்தியத் தீவுகளோடு நடந்த ஒருநாள் போட்டியில் நம் தனுஷ்க குணதிலக்க ஆட்டமிழந்தது "ஒப்ஸ்ட்ரக்டிங் த ஃபீல்ட்" என்று, களத்தடுப்பாளருக்கு இடையூறு செய்ததாக. அதே ஆட்டத்தில் மட்டையாளர் பந்தைச் சும்மா தட்டி நிறுத்தினால் அது "ப்லொக்". மட்டையால் தடுப்பது பந்தை என்றால் நல்ல ஆட்டம், வேண்டுமென்றே ஆளை என்றால் அவுட். இதைச் சொல்லிக்கொடுத்த பிறகு எந்தப் பிள்ளையும் இந்த இரண்டு சொல்லையும் குழப்பிக்கொண்டதில்லை. விருந்தினரிடம் பேசும்போது "ஒப்ஸ்ட்ரக்ஷன்" வேண்டாம். குசினி வாசலில் நிற்கும் வேனை நகர்த்தச் சொல்ல, "குட் யூ ப்லீஸ் மூவ் யோ வேன்? இட்ஸ் ப்லொக்கிங் த டோர்" என்றால் போதும். முதலில் கேள்வி, அப்புறம் காரணம். தலைகீழாகச் சொன்னால் சண்டைக்கு வந்தது போல இருக்கும்.

நான்காம் படி: உடம்பு

இங்கே மட்டும் விளையாட்டு இல்லை, நிதானமாகப் படியுங்கள்.

என் அத்தைக்கு மயக்கம் வந்து கிளினிக்குக்குக் கொண்டுபோனோம். அட்டையில் "ஹார்ட் ப்லொக்" என்று எழுதியிருந்தது. வீட்டில் நாங்கள் எல்லாரும் "ஹார்ட்டில் ப்ளொக்" என்றால் இரத்தக் குழாயில் அடைப்பு என்றே எடுத்துக்கொண்டோம். குழாய்க்குள் கம்பி வலை வைக்க எவ்வளவு செலவு என்று வெளிநாட்டில் இருக்கும் மச்சானிடம் பேசி, அவர் காசு புரட்டத் தொடங்கி, இரண்டு நாள் வீடே தலைகீழ். மூன்றாம் நாள் டொக்டரிடம் விவரமாகக் கேட்டபோதுதான் தெரிந்தது, அத்தையின் இரத்தக் குழாயில் ஒன்றுமே இல்லை. இருதயத்தின் மேல் அறையிலிருந்து கீழ் அறைக்குப் போக வேண்டிய மின்துடிப்பு தாமதமாகிறது. ஆங்கில மருத்துவத்தில் "ஹார்ட் ப்லொக்" என்பது அதுதான். அது மோசமானால் வைப்பது பேஸ்மேக்கர் என்ற சின்னக் கருவி. நாம் பேச்சில் சொல்லும் "ப்ளொக்", அதாவது குழாய் அடைப்பு, "ப்லொக்ட் ஆர்ட்டரி" அல்லது "ப்லொக்கிஜ் இன் த ஆர்ட்டரி". வேறு நோய், வேறு வைத்தியம். அட்டையில் இந்தச் சொல்லைப் பார்த்தால் நீங்களாக மொழிபெயர்க்காமல், "குழாயிலா, துடிப்பிலா?" என்று டொக்டரிடமோ தாதியிடமோ கேட்டுவிடுங்கள்.

சாப்பாட்டு மேசையில் ஒருவருக்குத் தொண்டையில் உணவு சிக்கி மூச்சு முட்டினால் "த்ரோட் ப்லொக்" என்று கத்தாதீர்கள். "ஹி இஸ் ச்சோக்கிங்!" இந்த ஒரு சொல்லுக்கு ஓடி வருவார்கள். அம்புலன்ஸுக்கு 1990. மூக்கடைப்பு சின்ன விஷயம், "மை நோஸ் இஸ் ப்லொக்ட்". நுவரெலியாக் குளிரில் இறங்கும் விருந்தினர்களில் பாதிப் பேர் மறுநாள் காலை உங்களிடம் சொல்லப்போகும் வாக்கியம் இது.

ஐந்தாம் படி: செய்தியை முழுதாகச் சொல்வது

சொல் சரியாக வந்துவிட்டது, ஆனாலும் "த ரோட் இஸ் ப்லொக்ட்" என்று சொல்லிவிட்டு நின்றால் கேட்பவர் கையில் ஒன்றும் இல்லை. அவருக்கு வேண்டியது எந்த வீதி, எந்த இடம், எதனால், முழுதாகவா பாதியா, வேறு வழி உண்டா என்பது. நான் பாஸ்போர்ட் தம்பதியிடம் சொல்லியிருக்க வேண்டியது இது:

"த ரோட் டு கேண்டி இஸ் ப்லொக்ட் நியர் ரம்பொட. எ பிக் ட்ரீ ஹேஸ் ஃபோலன். யூ கேன் கோ த்ரூ ஹட்டன், பட் இட் டேக்ஸ் லோங்கர்."

ஹட்டன், கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை என்று சுற்றிக்கொண்டு கண்டிக்குப் போகலாம் என்பது எனக்கு அன்று தெரிந்திருந்தது. சொல்லத்தான் வாய் வரவில்லை. ஒரு பக்கம் வாகனம் போகிறது என்றால் "பார்ட்லி ப்லொக்ட், ஒன் லேன் இஸ் ஓப்பன்". ஒன்றுமே போகவில்லை என்றால் "கம்ப்லீட்லி ப்லொக்ட்". அதிகாரிகளே மூடிவிட்டார்கள் என்றால் "க்லோஸ்ட்". நேரம் தெரியாவிட்டால் நம் வழக்கப்படி "இப்ப சரியாயிரும்" என்று சொல்லிவிடாதீர்கள், அதை நம்பி அவர் ரயிலை விட்டுவிடுவார்.

மண் சரிந்தால் நம் நாட்டு ஆங்கிலப் பத்திரிகைகள் "எர்த் ஸ்லிப்" என்று எழுதும். வெளியூர்க்காரருக்கு "லேண்ட்ஸ்லைட்" என்றால் சட்டென்று புரியும். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களையே மூடிப் போனதும் அதுதான், ஆகவே அந்தச் சொல்லை "சின்ன ப்ளொக்" என்று மழுப்ப வேண்டாம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவுக்கு மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று மட்டத்தில் எச்சரிக்கை விடும். மஞ்சள் என்றால் விழிப்பாக இருக்க வேண்டும், செம்மஞ்சள் என்றால் வெளியேறத் தயாராக, சிவப்பு என்றால் உடனே வெளியேற. விருந்தினர் போகும் பகுதிக்கு அது வந்திருந்தால் நிறத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117, முன்மேசையில் ஒட்டி வையுங்கள்.

அடைப்பு நீங்கியதும் சொல்ல வேண்டியதும் பொருளுக்குப் பொருள் மாறும். வீதியும் ரயில் பாதையும் "க்லியர்ட்". குழாயும் போன் இலக்கமும் "அன்ப்லொக்ட்". வீதியை "அன்ப்லொக்ட்" என்றாலும் பிழை இல்லை, ஆனால் "த ரோட் இஸ் க்லியர் நவ்" என்பது காதுக்கு இதம். விருந்தினர் முகமும் அப்போதுதான் மலரும்.

அடைப்போடு சம்பந்தமே இல்லாத ப்லொக் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வேலைக்கு விண்ணப்பிக்கும் அன்றே அது உங்கள் முன் வந்து நிற்கும். படிவத்தின் தலையில் "ப்லொக் லெட்டர்ஸ்" அல்லது "ப்லொக் கெப்பிட்டல்ஸ்" என்று போட்டிருந்தால், எழுத்துகளைக் கூட்டி எழுதாமல் தனித்தனியே பெரிய ஆங்கில எழுத்தில் எழுத வேண்டும் என்று பொருள். என்னிடம் படித்த தம்பி ஒருவன் ப்லொக் என்றால் கட்டை, கல், சதுரம் என்று யோசித்து, ஸ்கேல் வைத்து ஒவ்வொரு எழுத்தையும் ஒவ்வொரு பெட்டிக்குள் அடைத்து, தன் பெயர், அப்பா பெயர், தோட்டத்தின் பெயர், டிவிஷன் வரைக்கும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தான். இரண்டு மணி நேரம் ஆகியிருக்கிறது. மனேஜர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, சாப்பாட்டு அறை வாசலில் வைக்கும் மெனுப் பலகையையும் இவனால் எழுத முடியுமா என்று கேட்டாராம்.